ரோட் ஐலண்டின் மறுப்பு

அமெரிக்க அரசியலமைப்பை ஆதி 13 மாநிலங்களுள் கடைசியாக ஏற்றது ரோட் ஐலண்டு. 1787-ஆம் ஆண்டு பிலடெல்பியா மாநாட்டிற்கு அது பேராளர் எவரையும் அனுப்பவில்லை. 1788 மார்ச்சில் ஊர்தோறும் வாக்கெடுப்பு நடந்தபோது ஆதரவாளருள் பெரும்பாலோர் அதனைப் புறக்கணித்தனர். எதிர்த்தோர் 2,700-க்கு மேல். ஆதரித்தோர் 250-க்கும் குறைவு.

இம்மறுப்பைத் தன்னலம் என்று சொல்லி முடித்துவிடலாமா? தன்னலம் இருந்தது உண்மையே. 1786-இல் மாநிலம் வெளியிட்ட காகிதப் பணம் கடன்பட்ட உழவருக்கு உதவியது. புதிய சட்டமோ மாநிலங்கள் பணம் வெளியிடுவதைத் தடுத்தது. ஆயினும் வேறு குரல்களும் எழுந்தன. ராஜர் வில்லியம்ஸ் 1636-இல் மனச்சாட்சியின் சுதந்தரத்தை நாடி வித்திட்ட அம்மண்ணில், உரிமைப் பிரகடனம் இல்லாத சட்டம் ஐயத்தை எழுப்பியது. அடிமைகளின் இறக்குமதியை 1808 வரை தடைசெய்யலாகாது என்ற விதியைக் குவேக்கர்கள் எதிர்த்தனர். அதே மாநிலத்தின் நியூபோர்ட் துறைமுகம் அடிமை வாணிபத்தால் செழித்ததென்பதையும் நாம் மறைத்தலாகாது.

மத்திய அரசின் வணிகத் தடை அச்சுறுத்திய நிலையில், 1790 மே 29 அன்று 34-க்கு 32 என்ற வாக்குகளில் மாநிலம் இணங்கியது. இணங்கியபோதும், அடிமை இறக்குமதியை விரைவில் தடுக்கும் சட்டம் வேண்டுமெனத் தன் பரிந்துரைகளில் சேர்த்தது.

சிறுபான்மையோரின் மறுப்பில் கோதுமையும் களையும் சேர்ந்தே வளரும். களையைக் கண்டு கோதுமையை மறுப்பது வரலாற்றை வாசிக்கும் நமக்குத் தகாது.