கண்ணாடியில் மோதும் பறவைகள்: ஒரு நாற்பதாண்டுக் கணக்கு

சுவரில் மாட்டிய கண்ணாடியைச் சிட்டுக்குருவி விடாமல் கொத்துவதை நம்மில் பலர் பார்த்திருப்போம். கண்ணாடிக்குள் தெரிவது தன் உருவம்தான் என்று அதற்குத் தெரியாது. வேறொரு குருவி தன் இடத்துக்கு வந்துவிட்டது என்று நினைத்துச் சண்டை போடுகிறது. பார்க்க வேடிக்கையாக இருக்கும். ஆனால் இதே அறியாமை, உயரமான கண்ணாடிக் கட்டடங்கள் நிறைந்த ஊர்களில் கோடிக்கணக்கான பறவைகளைக் கொல்கிறது. அமெரிக்காவில் மட்டும் ஆண்டுக்கு 36.5 கோடி முதல் 98.8 கோடி வரை பறவைகள் கட்டடங்களில் மோதிச் சாகின்றன என்று 2014ல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. இதைத் தடுக்க மனிதர்கள் எடுத்த முயற்சிகளின் வரலாறுதான் இந்தக் கட்டுரை.

பறவை கண்ணாடியில் மோதுவது புதிய விஷயம் அல்ல. இரையைத் துரத்தி வந்த ஒரு சிறிய பருந்து, செடி வளர்க்கும் கண்ணாடி வீட்டுக்குள் கண்ணாடியை உடைத்துக்கொண்டு பாய்ந்ததை, தாமஸ் நட்டல் என்ற பறவையியலாளர் 1832லேயே எழுதி வைத்திருக்கிறார். ஆனால் அந்தக் காலத்தில் கண்ணாடி விலை அதிகம், ஜன்னல்களும் சிறியவை. 1959ல் இங்கிலாந்தின் பில்கிங்டன் நிறுவனம், உருகிய தகரத்தின் மேல் கண்ணாடிக் குழம்பை மிதக்கவிட்டுத் தகடாக்கும் முறையை அறிவித்தது. அதன்பின் வழவழப்பான பெரிய கண்ணாடிகள் மலிவாகக் கிடைத்தன. சுவர் முழுவதும் கண்ணாடியாகவே இருக்கும் கட்டடங்கள் பெருகின.

அப்படிப்பட்ட ஒரு கட்டடம்தான் சிகாகோ நகரில் மிச்சிகன் ஏரிக்கரையில் நிற்கும் மெக்கார்மிக் பிளேஸ் மாநாட்டு மண்டபம். பழைய மண்டபம் 1967ல் தீயில் எரிந்துபோக, அதே இடத்தில் 1971ல் இது திறக்கப்பட்டது. இடம்தான் பிரச்சினை. வசந்தத்தில் வடக்கேயும் இலையுதிர் காலத்தில் தெற்கேயும் வலசை போகும் லட்சக்கணக்கான சிறு பறவைகள் இந்த ஏரிக்கரையை ஒட்டித்தான் பறக்கின்றன. அவை பெரும்பாலும் இரவில் பறப்பவை. இரவில் மண்டபத்தின் வெளிச்சம் அவற்றை இழுக்கிறது. விடிந்த பிறகு கண்ணாடியில் தெரியும் வானமும் மரங்களும் ஏமாற்றுகின்றன.

இந்த மண்டபத்துக்கு நடந்து போகும் தூரத்தில் ஃபீல்ட் அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே பறவைப் பிரிவில் வேலை பார்த்தவர் டேவிட் வில்லார்ட். மெக்கார்மிக் பிளேஸில் பறவைகள் மோதுவதாக யாரோ பேச்சுவாக்கில் சொன்னதைக் கேட்டு, 1978ல் ஒரு நாள் போய்ப் பார்த்தார். இரண்டொரு பறவைகள் செத்துக் கிடந்தன. அதோடு விட்டிருந்தால் இந்த வரலாறே இல்லை! ஆனால் அவர் மறுபடியும் போனார். அதன்பின் ஒவ்வொரு வலசைக் காலத்திலும் காலையில் போய்ச் செத்த பறவைகளைப் பொறுக்கி வருவது வழக்கமாயிற்று. ஒவ்வொன்றின் எடை, சிறகின் நீளம், கால் எலும்பின் நீளம் எல்லாவற்றையும் அளந்து நோட்டில் கையால் எழுதினார். பணி ஓய்வுக்குப் பிறகும் விடவில்லை. நாற்பது ஆண்டுகளில் அந்த ஒரே கட்டடத்தில் சேர்ந்தவை மட்டும் நாற்பதாயிரம் பறவைகள்.

அதே காலத்தில் இலினாய் மாநிலத்தின் இன்னொரு மூலையில் ஒரு மாணவர் இதைப் பற்றி ஆராய்ந்து கொண்டிருந்தார். அவர் பெயர் டேனியல் கிளெம். 1974ல் ஆய்வைத் தொடங்கி 1979ல் முனைவர் பட்டம் வாங்கினார். ஜன்னலில் பறவை மோதுவதற்கெல்லாம் ஒரு பட்டமா என்று நமக்குத் தோன்றலாம். ஆனால் இன்று உலகம் முழுவதும் பயன்படும் விதிகளுக்கு அடிப்படை அவருடைய சோதனைகள்தான். கண்ணாடியில் பருந்து படம் ஒன்றை ஒட்டி வைத்தால் பறவைகள் பயந்து விலகும் என்ற நம்பிக்கை அப்போது பரவலாக இருந்தது. அது பலிக்கவில்லை. பறவை அந்தப் படத்தை மட்டும் விலக்கி அதன் பக்கத்தில் மோதுகிறது. கண்ணாடி முழுவதும், வெளிப்பக்கத்தில், நெருக்கமாகக் கோடுகளோ புள்ளிகளோ இருந்தால்தான் 'இதற்குள் நுழைய முடியாது' என்று பறவைக்குப் புரிகிறது. நெடுக்குக் கோடுகளுக்கு நாலு அங்குல இடைவெளி, கிடைக்கோடுகளுக்கு இரண்டு அங்குலம் என்பது அவர் கண்ட அளவு. மிகச் சிறிய பறவைகளையும் காக்க இப்போது எல்லாவற்றுக்குமே இரண்டு அங்குலம் என்கிறார்கள்.

ஆக, வழி அப்போதே தெரிந்துவிட்டது. ஆனால் செய்வது யார்? கண்ணாடிக்கு அழகே ஒன்றும் இல்லாதது போல் தெரிவதுதான் என்று நினைக்கும் கட்டட உரிமையாளர்களிடம் புள்ளி வைக்கச் சொன்னால் கேட்பார்களா?

ஊருக்கு ஊர் ஒவ்வொரு விதமாக நடந்தது. கனடாவின் டொராண்டோவில் 1993ல் ஃப்ளாப் என்ற தன்னார்வ அமைப்பு தொடங்கப்பட்டது. விடியற்காலையில் தெருத்தெருவாகப் போய் அடிபட்ட பறவைகளைக் காப்பாற்றினார்கள். அங்கே 2013ல் ஒரு வழக்கில், கட்டடக் கண்ணாடியிலிருந்து பிரதிபலிக்கும் ஒளியும் சட்டப்படி ஒரு மாசுதான் என்று நீதிபதி தீர்ப்பளித்தார். சிகாகோவில் 1995 முதல், வலசைக் காலத்தில் உயரமான கட்டடங்கள் இரவில் அலங்கார விளக்குகளை அணைக்கும் பழக்கம் வந்தது. நியூயார்க்கின் ஜாவிட்ஸ் மாநாட்டு மையத்தைப் புதுப்பித்தபோது புள்ளி பதித்த கண்ணாடிகளைப் பொருத்தினார்கள். 2014ல் வேலை முடிந்தபின் அங்கே பறவைச் சாவு சுமார் 90 சதவீதம் குறைந்தது. புதிய கட்டடங்களில் தரையிலிருந்து 75 அடி உயரம் வரை பறவைகளுக்குத் தெரியும் கண்ணாடியே வைக்க வேண்டும் என்ற சட்டத்தை அந்த நகரம் 2021ல் நடைமுறைப்படுத்தியது.

இதற்கிடையே வில்லார்டின் நோட்டுகள் ஆய்வாளர்கள் கைக்கு வந்தன. சிகாகோவில் மோதிச் செத்த 70,716 பறவைகளின் அளவுகளை வைத்து 2019ல் ஓர் ஆய்வு வெளியானது. நாற்பது ஆண்டுகளில் இந்தப் பறவைகளின் உடல் சிறுத்து, சிறகு சற்று நீண்டிருக்கிறது! பூமி சூடாவதோடு இதற்குத் தொடர்பு இருக்கிறது என்கிறார்கள். மண்டபத்தின் எந்தெந்த ஜன்னலில் விளக்கு எரிந்தது என்றும் 2000ம் ஆண்டு முதல் குறித்து வைத்திருந்தார். அதை வைத்து 2021ல் வந்த ஆய்வு, விளக்குகளை முடிந்தவரை அணைத்தாலே சாவு சுமார் 60 சதவீதம் குறையும் என்று காட்டியது.

இவ்வளவும் தெரிந்த பிறகுதான் அந்த இரவு வந்தது. 2023 அக்டோபர் 4ம் தேதி இரவு, பெருங்கூட்டமாகப் பறவைகள் தெற்கே கிளம்பின. மழையால் தாழப் பறந்தன. மண்டபத்தில் விளக்குகள் எரிந்தன. வழக்கமாக ஒரு காலையில் பதினைந்து பறவை கிடைத்தாலே அதிகம் என்ற இடத்தில், மறுநாள் காலை கிட்டத்தட்ட ஆயிரம் பறவைகள் செத்துக் கிடந்தன. பெரும்பாலானவை வார்ப்ளர் எனப்படும், உள்ளங்கையில் அடங்கும் சின்னஞ்சிறு குருவிகள். தன் நாற்பது ஆண்டு அனுபவத்தில் இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை என்றார் வில்லார்ட்.

படங்கள் உலகம் முழுவதும் பரவின. கண்டனங்கள் குவிந்தன. 2024 கோடையில் மண்டபத்தின் கண்ணாடிகள் முழுவதும், இரண்டு கால்பந்து மைதானங்கள் அளவுக்கு, சிறு புள்ளிகள் கொண்ட படலம் ஒட்டப்பட்டது. செலவு சுமார் 12 லட்சம் டாலர். புள்ளிகளுக்கு இடையே இடைவெளி இரண்டு அங்குலம். அதன்பின் பறவைச் சாவு சுமார் 95 சதவீதம் குறைந்துவிட்டது.

இந்த வரலாற்றில் மகிழ்ச்சியும் இருக்கிறது, வருத்தமும் இருக்கிறது. மகிழ்ச்சி, தீர்வு இவ்வளவு எளிதாக இருப்பது. விளக்கை அணைப்பதும் புள்ளி வைப்பதும் ராக்கெட் விஞ்ஞானம் அல்லவே. வருத்தம், தீர்வு தெரிந்த பிறகும் அது நடக்க ஒரே இரவில் ஆயிரம் உயிர்கள் போக வேண்டியிருந்தது என்பது. தினமும் ஐந்தும் பத்துமாகச் செத்த நாற்பதாயிரம் பறவைகள் யாரையும் அசைக்கவில்லை. துப்புரவுப் பணியாளர் பெருக்கிவிட்டால் அத்தோடு மறந்துபோகும் சாவு அது. அதை ஒருவர் எண்ணி எழுதி வைத்ததால்தான், கேள்வி எழுந்த நாளில் பதில் தயாராக இருந்தது.

நம் நகரங்களிலும் இப்போது கண்ணாடிக் கட்டடங்கள் வரிசையாக எழும்பிக் கொண்டிருக்கின்றன. அவற்றின் அடியில் விடியற்காலையில் என்ன கிடக்கிறது என்று பார்க்க ஒரு நோட்டும் பேனாவும், கொஞ்சம் பொறுமையும் போதும். யாராவது தொடங்கினால் நல்லது.