தூக்கிப் பார்த்தல்

போன வாரம் மேனேஜர் ஒரு மெயில் தட்டியிருந்தார். ரெண்டு வருஷம் ஆன்சைட் போறியா, நல்லா 'பாண்டர்' பண்ணிட்டு திங்கக்கிழமை சொல்லுன்னு. நமக்கு ஊரு கடையநல்லூர், பன்னிரண்டாவது வரைக்கும் தமிழ் மீடியம். யோசின்னு சொன்னா பத்தாதாய்யா, அதுக்கு எதுக்குத் தனியா ஒரு வார்த்தைன்னு நோண்ட ஆரம்பிச்சேன். யோசிக்க வேண்டிய விஷயம் அப்படியே நிக்குது, அது வேற கதை :-)

பாண்டர் ஆங்கிலத்துக்கு வந்தது 14-ஆம் நூற்றாண்டில், பழைய பிரெஞ்சு வழியாக. மூலம் லத்தீன். அதில் 'பாண்டுஸ்' என்றால் எடை. நம்ம பவுண்டுக்கு இது நெருங்கின சொந்தம். இன்னும் ஒரு படி மேலே போனால் 'பெண்டெரே' என்ற வினைச்சொல். அதற்கு மூணு பொருள்: தொங்கவிடு, நிறு, பணம் கொடு. நாணயம் வருமுன்னே ரோமில் வெண்கலத்தை நிறுத்துத்தான் கொடுத்தார்கள். பெண்டுலம், பென்ஷன் ரெண்டும் அந்த வீட்டுப் பிள்ளைங்கதான்.

ஆக, டீயா காபியான்னு முழிக்கிறதுக்கெல்லாம் பாண்டர் பொருந்தாது. கனமான விஷயமா இருக்கணும், நிதானமா நிறுக்கணும். பின்னால் 'ஓவர்' சேர்த்தாலும் சரி, சேர்க்காவிட்டாலும் சரி.

அட, நம்மகிட்ட இப்படி ஒண்ணு இல்லையேன்னு நினைச்சா, இருக்கு மக்களே! 'தூக்கு'. தொங்கவிடுவதும் தூக்குதான், நிறுப்பதும் தூக்குதான், மனசுக்குள் ஆராய்வதும் தூக்குதான். 'சீர்தூக்கிப் பார்' என்று இன்னைக்கும் எழுதுகிறோமே, அதே தூக்கு. லத்தீன் நடந்த பாதையில் தமிழ் தானாவே நடந்திருக்கு.

வள்ளுவர் வலியறிதல் அதிகாரத்தின் முதல் குறளிலேயே (471) இந்தச் சொல்லைப் போட்டிருக்கிறார். செய்யப்போகும் வேலையின் வலிமை, தன் வலிமை, எதிரியின் வலிமை, துணையின் வலிமை, நாலையும் தூக்கிப் பார்த்துச் செய் என்கிறார்.

சரின்னு நானும் தூக்கினேன். வேலை? முடியும். நான்? சமாளிச்சுக்குவேன். எதிரி? பேங்க் லோன், அதுவும் அடைஞ்சுடும். நாலாவதுலதான் முள்ளு ஆடுது. அப்பா போனதுக்கு அப்புறம் வீட்டுல அம்மா மட்டும்தான். எனக்கு அவங்க துணை, அவங்களுக்கு நான்.

போன்ல சொன்னேன். "போயிட்டு வாலே, எனக்கென்ன" ன்னாங்க.

அந்த 'எனக்கென்ன' எவ்வளவு எடைன்னுதான் தெரியல. திங்கக்கிழமைக்கு இன்னும் ரெண்டு நாள் இருக்கு.