டிரேசி சாப்மன்: பாட்டும் பாட்டின் உரிமையும்

அமெரிக்கக் கறுப்பினப் பாடகியும் பாடலாசிரியருமான டிரேசி சாப்மனின் முதல் இசைத்தொகுப்பு, 2025 ஏப்ரலில் மீண்டும் இசைத்தட்டாக வெளிவந்தது. அவருடைய பெயரையே தலைப்பாகத் தாங்கிய அத்தொகுப்பு முதன்முதலில் வெளியானது 1988 ஏப்ரலில். 2008இல் வந்த எட்டாவது தொகுப்புக்குப் பின் அவர் புதிய தொகுப்பு எதையும் தரவில்லை. ஆயினும் அண்மை ஆண்டுகளில் அவர் பெயர் அமெரிக்க இசையுலகில் மீண்டும் ஓங்கி ஒலித்திருக்கிறது. உழைக்கும் மக்களிடமிருந்து பிறந்த ஒரு பாட்டு சந்தையைச் சுற்றிவரும்போது அதை எழுதியவரின் பெயரும் உரிமையும் என்னவாகின்றன? சாப்மனின் இசைவாழ்வை இக்கேள்வியோடு அணுகுவது பயனுடையது என்று கருதுகிறோம்.

சாப்மன் 1964இல் ஒகாயோ மாநிலத்தின் கிளீவ்லாந்து நகரில் பிறந்தவர். பெற்றோர் பிரிந்த பிறகு தாயின் தனி உழைப்பில் வளர்ந்தார். எட்டு வயதில் கிதார் கைக்கு வந்தது. பள்ளிகளில் நிறப்பாகுபாட்டை நீக்கும் முயற்சிகள் நடந்த அக்காலத்தில், வெள்ளையினச் சிறுவர்களின் வசவுகளையும் தாக்குதலையும் அவர் எதிர்கொள்ள நேர்ந்தது. கறுப்பின மாணவர்களைத் தனியார் பள்ளிகளுக்கு அனுப்பும் உதவித்தொகைத் திட்டம் ஒன்றின் வழியே கனெக்டிகட் மாநிலப் பள்ளியொன்றில் சேர்ந்தார். பின்னர் பாஸ்டனை அடுத்த டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் மானுடவியல் படித்தார். படித்துக்கொண்டே ஹார்வர்ட் சதுக்கத்தின் நடைபாதைகளிலும் சுரங்க ரயில் நிலையங்களிலும் நின்று பாடினார்.

மாணவர்கள் குறித்துக்கொள்ள வேண்டிய செய்தி ஒன்று உண்டு. பல்கலைக்கழக மாணவர் வானொலியில் அவர் தம் பாடல்களைப் பதிவு செய்தார். பதிப்புரிமைக்குச் சான்றாக ஒரு பதிவு வேண்டும் என்பதே அவர் நோக்கம். அதற்கு ஈடாக அப்பாடல்களை ஒலிபரப்பும் உரிமையை நிலையத்துக்குக் கொடுத்தார். ஒப்பந்தம் எதுவும் கைக்கு வராத காலத்திலேயே பாட்டு தம் உடைமை என்ற தெளிவு அவரிடம் இருந்திருக்கிறது. அந்தப் பதிவுதான் பிறகு இசை நிறுவனங்களின் கதவையும் திறந்தது. தென்னாப்பிரிக்க நிறவெறி ஆட்சிக்கு எதிரான மாணவர் போராட்டத்துக்குப் பாடகர் தேடிய சக மாணவர் பிரையன் கோப்பல்மன், அவருடைய பாடலைக் கேட்டு வியந்து, பதிவின் படியொன்றை இசைப் பதிப்பாளரான தம் தந்தையிடம் கொண்டு சேர்த்தார். எலெக்ட்ரா நிறுவனத்தின் ஒப்பந்தம் அதன் தொடர்ச்சியாக வந்தது.

முதல் தொகுப்பில் பதினொரு பாடல்கள்; அனைத்தும் அவரே எழுதியவை. 'டாக்கின் பௌட் எ ரெவல்யூஷன்' நிவாரண வரிசையில் நிற்கும் ஏழைகள் தமக்குள் மெல்லப் பேசிக்கொள்ளும் எழுச்சியைப் பற்றியது. 'அக்ராஸ் தி லைன்ஸ்' நகரத்தை நிறத்தால் பிளக்கும் எல்லைக் கோட்டைப் பாடுகிறது. 'பிஹைண்ட் தி வால்' பாட்டில் இசைக்கருவியே கிடையாது. பக்கத்து வீட்டில் அடிபடும் பெண்ணின் அலறலையும், அழைத்தும் பயன்படாத காவல்துறையையும் தனிக்குரல் மட்டுமே சொல்கிறது. 'ஃபாஸ்ட் கார்' குடிகாரத் தந்தைக்காகப் படிப்பைக் கைவிட்டு, கடையில் வேலை செய்து, ஒரு காரில் ஏறி வறுமையிலிருந்து தப்பிவிடலாம் என்று நம்பும் பெண்ணின் கதை. தந்தையின் வாழ்க்கையே துணைவனிடமும் திரும்பி வருகிறது. வறுமை ஒரு தலைமுறையிலிருந்து அடுத்ததற்குக் கைமாறும் விதத்தை நான்கைந்து நிமிடங்களில் இவ்வளவு துல்லியமாகச் சொன்ன பாடல்கள் மிகச் சிலவே.

1988 ஜூன் 11 அன்று, சிறையிலிருந்த நெல்சன் மண்டேலாவின் எழுபதாம் பிறந்தநாளை முன்னிட்டு லண்டன் வெம்பிளி அரங்கில் நடந்த நிகழ்ச்சியில் சாப்மன் பாடினார். பின்னர் ஸ்டீவி வொண்டரின் மின்னணு இசைக்கருவிக்குரிய பதிவுவட்டு காணாமற்போகவே, இடைவெளியை நிரப்ப அவரே மீண்டும் மேடையேற்றப்பட்டார். இதை அதிர்ஷ்டம் என்று எழுதுவது வழக்கம். நமக்கு அதில் முழு உடன்பாடில்லை. ஒரு கிதாரும் குரலும் மட்டும் கொண்டு பெருங்கூட்டத்தை நிறுத்திவைக்கும் பயிற்சியை நடைபாதை அவருக்கு ஏற்கெனவே அளித்திருந்தது. அந்த ஆகஸ்டில் தொகுப்பு அமெரிக்கப் பட்டியலின் முதலிடத்தை எட்டியது. அடுத்த ஆண்டு மூன்று கிராமி விருதுகள் கிடைத்தன. இடையில் அம்னஸ்டி அமைப்பின் மனித உரிமைப் பயணத்தில் ஸ்பிரிங்ஸ்டீன், யூசு என்டூர் முதலியோருடன் உலகைச் சுற்றினார். செப்டம்பர் 30 அன்று புதுதில்லியிலும் அந்நிகழ்ச்சி நடந்தது.

பிந்தைய தொகுப்புகள் அந்த அளவு விற்கவில்லை. 1995இல் வந்த 'நியூ பிகினிங்' விதிவிலக்கு. அதன் 'கிவ் மி ஒன் ரீசன்' என்ற ப்ளூஸ் பாடல் மற்றொரு கிராமியைப் பெற்றது.

பாடல்களின் உரிமையில் மட்டும் அவர் தளரவே இல்லை. அவருடைய 'பேபி கேன் ஐ ஹோல்ட் யூ' பாடலைப் பயன்படுத்த ராப் பாடகி நிக்கி மினாஜ் அனுமதி கேட்டார். சாப்மன் மறுத்தார். ஆயினும் அதைக் கொண்டு உருவான பாடல் வானொலியில் கசிந்தது. 2018இல் தொடுத்த வழக்கு, 2021இல் அவருக்கு 4,50,000 டாலர் தருவதாக முடிந்தது. இருவருமே கறுப்பினப் பெண்கள் என்பதால் இவ்வழக்கு நம்மைச் சற்றுத் தயங்க வைக்கிறது. மாதிரியெடுத்தல் ஹிப்ஹாப்பின் உயிர்நாடி. சட்டம் அதை நெரிக்கும் என்ற அச்சம் நியாயமானது. அனுமதியா மறுப்பா என்று முடிவெடுக்கும் உரிமை எழுதியவரிடம் இருக்க வேண்டும் என்பதும் அதே அளவு நியாயமானது.

2023இல் வெள்ளையினக் கண்ட்ரி பாடகர் லூக் கோம்ப்ஸ் 'ஃபாஸ்ட் கார்' பாடலைச் சொல் மாற்றாமல் பாடி வெளியிட்டார். அது கண்ட்ரி வானொலிப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. தனியொருவராக எழுதிய பாடலோடு அவ்விடத்தை அடைந்த முதல் கறுப்பினப் பெண் சாப்மன். கண்ட்ரி இசைச் சங்கத்தின் ஆண்டின் சிறந்த பாடல் விருதும் எழுதியவர் என்ற முறையில் அவரையே சேர்ந்தது. 1967 முதல் வழங்கப்படும் அவ்விருதை அதுவரை எந்தக் கறுப்பினப் பாடலாசிரியரும் பெற்றதில்லை.

இந்தத் தாமதத்துக்கு வேர் ஆழமானது. கண்ட்ரி இசையின் அடையாளமான பாஞ்சோ, அடிமைப்படுத்தப்பட்ட ஆப்பிரிக்கர்களோடு அமெரிக்கா வந்த கருவி மரபைச் சேர்ந்தது. 1920களில் இசைத்தட்டு நிறுவனங்கள் தெற்கத்திய இசையை இரண்டாகப் பிரித்துக் கறுப்பருக்கு 'இனத் தட்டுகள்' என்றும் வெள்ளையருக்கு 'ஹில்பில்லி' என்றும் விற்றன. பில்போர்டு இதழ் 1949இல் பெயர்களை ரிதம் அண்ட் ப்ளூஸ் எனவும் கண்ட்ரி எனவும் மாற்றியது. பிரிவினை அப்படியே நின்றது. கிதார் ஏந்திய கறுப்பினப் பெண்ணை எந்தப் பெட்டியில் வைப்பதென்று 1988இல் வானொலிகளுக்குத் தெரியவில்லை. அதே பாடல் கண்ட்ரி வானொலிக்குள் நுழைய ஒரு வெள்ளையின ஆணின் குரல் தேவைப்பட்டது என்ற விமர்சனம் 2023இல் வலுவாக எழுந்தது. அது சரியான விமர்சனமே. ஆனால் பாட்டு வேறு குரலில் ஒலித்தபோதும் எழுத்தாளர் பெயரும் உரிமைத்தொகையும் அவரை விட்டு நீங்கவில்லை.

2024 பிப்ரவரி 4 அன்று கிராமி மேடையில் கோம்ப்ஸுடன் சேர்ந்து சாப்மன் அப்பாடலைப் பாடினார். கிதாரின் தொடக்க இசையை வாசித்தவர் அவரே. அதன்பின் 1988இல் பதிவான அவருடைய மூலப் பாடல் மறுபடியும் விற்பனைப் பட்டியல்களில் ஏறியது.