தாலாட்டின் தாழ்குரல்

மேலையிசையில் 'சொத்தோ வோச்சே' என்பது ஓர் இத்தாலியக் கலைச்சொல். 'சொத்தோ' கீழ் என்றும் 'வோச்சே' குரல் என்றும் பொருள்படும். 'பியானோ' என்னும் குறிப்பு ஒலியளவைக் குறைக்கச் சொல்ல, இச்சொல் குரலை உள்ளடக்கி, வாய்க்குள் மொழிவதுபோல் பாடும் முறையைச் சுட்டுகிறது. மோட்சார்ட் 1791இல் இயற்றிய இரங்கல் திருப்பலி இசையில், பெண்குரல்கள் இறைஞ்சும் ஓரிடத்திற்கு இக்குறிப்பையே இட்டுள்ளார். சிலப்பதிகாரம் கூறும் மெலிவு, சமன், வலிவு ஆகியன சுரங்களின் தான நிலைகளாதலால், அவற்றுள் மெலிவு என்பதும் கீழ்த்தானத்தையே குறிக்கும்; குரலைத் தணிப்பதையன்று. தணிந்து பாடும் முறையோ தமிழரிடையே தாலாட்டு வழக்கில் வேரூன்றியது. தால் என்பது நாவாதலின், நாவை ஆட்டி எழுப்பும் ஒலியே அப்பெயருக்குக் காரணம் என்பர்.

மலேசியாவில், பேராக் மாநிலத்தின் தென்பகுதியில் உள்ள சிலிம் ரிவர் வட்டாரத்து ரப்பர் தோட்டங்களிலும் இவ்வழக்கு தமிழ்ப் பெண்களோடு குடியேறியது. வெயில் ஏறினால் மரத்தில் பாலோட்டம் குறையுமாதலால், விடியுமுன் பெரட்டு எனப்பட்ட ஆளெடுப்புக்குச் செல்ல வேண்டியவர்கள் லயத்து வீட்டின் பலகைத் தடுப்புக்கு அப்பால் உறங்கிக்கொண்டிருக்க, விட்டத்தில் கட்டிய பழஞ்சேலை ஏணையை ஆட்டியபடி தாய் குரலை அடக்கிப் பாடினாள். பகலில் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட ஆயாக்கொட்டகையிலும் ஒரு குழந்தையை உறங்கவைக்கும் பாட்டு, உறங்கும் மற்றொன்றை எழுப்பிவிடாத அளவில் அமைய வேண்டியிருந்தது.

ஒப்பாரி ஊரறிய எழும் அழுகை. தாலாட்டோ மாமன் சீரையும் குலப்பெருமையையும் பாடும் போக்கில், பிறரிடம் சொல்லவியலாத மனக்குறையையும் பொருளறியாக் குழந்தையிடம் இறக்கிவைப்பது. 1942 சனவரி 7ஆம் நாள் சிலிம் ரிவர்ப் போரில் சப்பானியர் வென்றபின், மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர் பல்லாயிரவர் சயாம் இரயில்பாதை வேலைக்குக் கொண்டுசெல்லப்பட்டு, அவர்களுள் பெருந்தொகையினர் மாண்டனர். ஆடவரை இழந்த வீடுகளில் ஏணையருகே ஒலித்த குரலே குடும்பத்தின் உறவுமுறையைப் பிள்ளைக்கு உணர்த்தும் குரலாகவும் நின்றது.

ரப்பர் நின்ற நிலங்கள் பல செம்பனைக்கு மாறி, மக்களும் நகர்ப்புறம் பெயர்ந்துவிட்ட இக்காலத்தில், தொகுப்பு நூல்கள் தாலாட்டின் சொற்களைக் காத்துத் தருகின்றன. ஆயினும் எங்கே மூச்சு நீண்டது, எங்கே சொல் தேய்ந்து முனகலாயிற்று என்பதைக் காட்டும் குறியீடு அவற்றில் இல்லை. ஆகவே, ஏணையாட்டிப் பாடிய மூதாட்டியர் இருக்கும்போதே, பாட்டின் அடிகளோடு பாடிய விதத்தையும் ஒலிப்பதிவாகவும் எழுத்தாகவும் காத்துவைப்பது கடமையாகும்.