உமியோ: பனிக்காட்டு ஊரின் பத்து வருஷ ராஜ்ஜியம்

பெண்கள் கால்பந்துன்னு சொன்னதும் இப்போ எல்லாரும் பார்சிலோனா, லியோன்னு ஆரம்பிச்சிடறாங்க. அதுக்கெல்லாம் முன்னாடி ஐரோப்பாவையே ஆட்டிவெச்ச ஒரு அணி இருந்துச்சு மக்களே. உமியோ ஐ.கே.

உமியோ எங்க இருக்கு? ஸ்டாக்ஹோமிலிருந்து வடக்கே சுமார் 600 கிலோமீட்டர். 2000 வாக்கில் ஜனத்தொகை ஒரு லட்சம் சொச்சம். ஒரு பல்கலைக்கழகம், பிர்ச் மரங்கள், நீண்ட குளிர்காலம், அவ்வளவுதான் ஊர். 1917ல் ஆரம்பிச்ச சங்கம் இது. பெண்கள் அணி வந்தது 1985ல். இவர்களைத் தாங்கிப் பிடிக்க பணக்கார ஆண்கள் அணி எதுவும் பின்னால் கிடையாது. இதை ஞாபகம் வெச்சுக்கோங்க, கதையே இதுலதான் இருக்கு.

2000, 2001, 2002 மூணு வருஷமும் ஸ்வீடன் சாம்பியன். 2002ல் ஹன்னா யுங்பெரி, அதே ஊர்ப் பொண்ணு, ஒரே சீசன்ல லீக்கில் மட்டும் 39 கோல் அடிச்சார். இத்தாலியின் பெருஜியா கிளப் இவரைத் தங்கள் ஆண்கள் அணியில் ஆடக் கூப்பிட்டுப் பார்த்தது (நிஜமாத்தான்!). இவர் போகலை.

ஐரோப்பியக் கோப்பை 2001-02ல்தான் தொடங்கியது. முதல் இறுதி ஆட்டத்தில் ஃப்ராங்ஃபர்ட்டிடம் 0-2 தோல்வி. 2003ல் டென்மார்க்கின் ஃபோர்ச்சூனா யோரிங்கை ரெண்டு ஆட்டமும் சேர்த்து 7-1. 2004ல் அதே ஃப்ராங்ஃபர்ட்டை 3-0, 5-0. பழி தீர்த்தாச்சு! வேடிக்கை என்னன்னா, இந்த ரெண்டு வருஷமும் உள்ளூர் லீக் கோப்பை ஸ்டாக்ஹோமின் யூர்கோர்டன்/எல்வ்ஷோ அணிக்குப் போயிடுச்சு.

2004ல்தான் மார்த்தா வந்தார். பிரேசிலின் வெயில் காயும் அலகோவாஸ் மாநிலத்துக்காரர். அவர் ஆடிய வாஸ்கோ ட காமா கிளப் (ஆமா, கோழிக்கோட்டுக்குக் கப்பல்ல வந்த அதே ஆள் பேர்தான்) பெண்கள் அணியையே மூடிடுச்சு. 18 வயசில், பாஷை தெரியாம, பனிக்குள்ள வந்து இறங்கினார். 2005 முதல் 2008 வரை தொடர்ந்து நாலு லீக் பட்டம். 2006, 2007, 2008ல் உலகின் சிறந்த வீராங்கனை விருது. சொந்த நாட்டில் ஆட இடம் இல்லாதவருக்கு இந்தச் சின்ன ஊர் இடம் கொடுத்துச்சு. 2017ல் ஸ்வீடன் குடியுரிமையும் வாங்கினார்.

ஆனா ஐரோப்பியக் கோப்பை மட்டும் திரும்பக் கிடைக்கலை. 2007 இறுதியில் ஆர்சனல் ஒரே கோல்ல ஜெயிச்சது. 2008ல் மறுபடி ஃப்ராங்ஃபர்ட். ரெண்டாவது ஆட்டத்தைப் பார்க்க 27,640 பேர். உமியோ 2-3ன்னு தோற்றது. முதல் ஏழு வருஷத்தில் அஞ்சு இறுதி ஆட்டம், சும்மாவா?

2009ல் அமெரிக்காவில் புது லீக் வந்ததும் மார்த்தா லாஸ் ஏஞ்சல்ஸ் போயிட்டார். காயங்கள் வாட்ட, யுங்பெரி அதே வருஷம் ஓய்வு. 2010 அரையிறுதியில் இவர்களைத் தோற்கடிச்சு வெளியேற்றியது யாருன்னு நினைக்கறீங்க? பணக்கார ஆண்கள் அணியின் நிழல்ல வளர்ந்த லியோன். அடுத்த வருஷமே கோப்பையும் அவங்களுக்கு. உமியோவுக்கோ பணத் தட்டுப்பாடு. 2016ல் முதல் டிவிஷனை விட்டே கீழே இறங்கியது. 2020லும் 2022லும் மேலே ஏறி வந்து, ஒவ்வொரு சீசனிலேயே திரும்ப இறங்கியது.

2004ல் அந்த 8-0 வெற்றிக்குக் கோச்சாக இருந்தவர் ஆந்த்ரே யெக்லெர்ட்ஸ். 2025ல் அவர் போய்ச் சேர்ந்த இடம், மான்செஸ்டர் சிட்டி.