பாம்பின் விஷமும் குதிரையின் குருதியும்: வன்னிக்கு வந்த ஒரு மருந்தின் கதை

வன்னிப் பெருநிலத்தில் பாம்பு தெய்வமாகவும் இருக்கிறது, எமனாகவும் இருக்கிறது. புளியங்குளத்தை அடுத்த புதூரிலும், கிளிநொச்சி மாவட்டத்துப் புளியம்பொக்கணையிலும் நாகதம்பிரானுக்குப் பொங்கலிடும் அதே மக்கள்தாம், விதைப்பிலும் அறுவடையிலும் வெறுங்காலோடு வயலில் இறங்கிக் கடிபடுகின்றவர்கள். நாகம், புடையன் என்று நம்மவர் சொல்லும் கண்ணாடி விரியன், தரையில் உறங்குவோரை இரவில் தீண்டும் கட்டுவிரியன், வடபுலத்தின் வறண்ட நிலங்களில் வாழும் சுருட்டை விரியன் ஆகியவற்றுக்கு அஞ்சியே வன்னி உழவனின் வாழ்வு கழிகின்றது.

எனினும் இக்கட்டுரை பாம்பைப் பற்றியதன்று. கடிபட்டவனைக் காப்பாற்ற ஏற்றப்படும் மருந்தே சில வேளைகளில் அவன் உயிருக்கு உலை வைக்கும் விந்தையைப் பற்றியது. அந்த விந்தையின் மருமத்தை உலகுக்கு விளக்கிய ஆய்வுகளுள் முக்கியமான சில இலங்கைத் தீவிலேயே நடந்தன என்பதை நம்மிற் பலர் அறியோம்.

ஒரு நாயின் மரணம்

விஷமுறி மருந்தின் வரலாறு பிரெஞ்சு மருத்துவர் அல்பேர்ட் கல்மெட்டிடம் தொடங்குகின்றது. சைகோனில் பணியாற்றியபோது நாகம் தீண்டியோரின் மரணங்களைக் கண்ட அவர், விலங்குகளுக்குச் சிறிது சிறிதாக விஷத்தை ஏற்றி, அவற்றின் குருதியிலிருந்து சீரம் பிரித்தெடுக்கும் முறையை 1894இல் அறிவித்தார். தம்முடைய சீரம் எல்லாப் பாம்புகளின் விஷத்தையும் முறிக்கும் என்று அவர் நம்பினார். பின்வந்த ஆய்வுகள் அந்த நம்பிக்கையைப் பொய்யாக்கின. ஒரு பாம்பின் விஷத்துக்கு எதிராக உருவான மருந்து இன்னொரு பாம்பின் விஷத்துக்கு உதவாமற் போகலாம்.

சில ஆண்டுகளில் வேறொரு பேருண்மை வெளிப்பட்டது. சார்ள்ஸ் ரிஷே, போல் போர்ட்டியே என்ற இரு பிரெஞ்சு அறிஞர்கள் கடற்சாமந்தியின் நஞ்சை நாய்களுக்கு ஏற்றிப் பார்த்தனர். முதன்முறை ஏற்றியபோது நலமாயிருந்த நாய், சில வாரங்களின் பின் சிறிதளவே ஏற்றியபோதும் மூச்சுத் திணறிச் சில நிமிடங்களில் மாண்டது. உடலைக் காக்க வேண்டிய நிர்ப்பீடனமே உடலைக் கொல்லவும் கூடும்! 1902இல் அவர்கள் இதற்கு ‘அனபிலாக்சிஸ்’ என்று பெயரிட்டனர். இந்தப் பணிக்காக 1913இல் ரிஷேக்கு நோபல் பரிசு கிடைத்தது.

வியன்னாவில் குழந்தை மருத்துவரான கிளெமென்ஸ் வொன் பிர்கேயும் பேலா ஷிக்கும், தொண்டைக்கரப்பானுக்காகக் குதிரைச் சீரம் பெற்ற குழந்தைகளுக்குச் சில நாட்களின் பின் காய்ச்சல், தடிப்பு, மூட்டுவலி உண்டாவதை ஆராய்ந்து, 1905இல் அதனைச் ‘சீர நோய்’ என விவரித்தனர். மறு ஆண்டில் ‘அலர்ஜி’ என்ற சொல்லை உலகுக்குத் தந்தவரும் பிர்கேதான். ஆக, ஒவ்வாமை பற்றிய அறிவியல் பெருமளவுக்குச் சீரங்களின் வழியாகவே வளர்ந்தது எனலாம்.

வடநெம்மேலியிலிருந்து வவுனியாவுக்கு

இலங்கை வைத்தியசாலைகளில் நெடுங்காலமாகப் பயன்படுவது இந்தியாவில் தயாராகும் விஷமுறி மருந்து. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் விஷத்தையும் குதிரைகளுக்கு ஏற்றி, அவற்றின் குருதியில் உருவாகும் பிறபொருளெதிரிகளைப் பிரித்துத் தூளாக்கிக் குப்பிகளில் அடைக்கின்றனர். முதல் தடவையிலேயே பத்துக் குப்பிகளோ அதற்கு மேலோ ஏற்ற வேண்டியிருக்கும்.

அந்த விஷத்தின் பெரும்பகுதி எங்கிருந்து சென்றது? தமிழ்நாட்டிலிருந்து. மாமல்லபுரத்துக்கு அருகே வடநெம்மேலியில், பாம்புத்தோல் வணிகம் தடைசெய்யப்பட்ட பின் வாழ்விழந்த இருளர்களுக்காக, ரோமுலஸ் விட்டேக்கரின் முயற்சியால் 1978இல் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் அமைக்கப்பட்டது. பிடித்த பாம்பிலிருந்து விஷம் எடுத்து மீண்டும் காட்டில் விடுவது அவர்களது தொழில். அச்சமூகத்தைச் சேர்ந்த மாசி சடையன், வடிவேல் கோபால் இருவரும் 2023இல் பத்மஸ்ரீ விருது பெற்றனர். வன்னி வயலில் கடிபட்டுப் பிழைத்த உழவன் ஒருவன், தன்னை அறியாமலே, செங்கல்பட்டுப் பக்கத்து இருளருக்குக் கடன்பட்டிருக்கக் கூடும்.

ஆயினும் இதில் ஒரு குறையுண்டு. தமிழ்நாட்டுப் பாம்பின் விஷமும் இலங்கைப் பாம்பின் விஷமும் எல்லா வகையிலும் ஒன்றல்ல. யாழ்ப்பாணத்தில் சுருட்டை விரியன் தீண்டியோரை ஆராய்ந்து அரியராணி ஞானதாசன் குழுவினர் 2012இல் வெளியிட்ட கட்டுரை, அங்கு விஷத்தின் விளைவு பிற நாடுகளிற் காணப்படுவதைவிடக் கடுமை குறைந்தது என்று காட்டிற்று. அத்துடன், இலங்கையில் பலரைத் தீண்டும் கூன்மூக்கு விரியனுக்கு இந்திய மருந்து பயன்படுவதில்லை.

மருந்தே பகையாகும் போது

இலங்கை அனுபவத்தில் பெருந்தொல்லை மருந்தின் ஒவ்வாமையே. ஊசி ஏறிய சில நிமிடங்களில் உடலெங்கும் தடிப்பு, வாந்தி, மூச்சிறைப்பு, குருதியமுக்க வீழ்ச்சி தோன்றுகின்றன. முன்னர் தோலில் சிறிதளவு ஏற்றிச் சோதித்தபின்னரே மருந்தேற்றும் வழக்கம் இருந்தது. அச்சோதனை எவருக்கு ஒவ்வாமை வரும் என்பதை முன்னறிவிக்காது என 1986ஆம் ஆண்டு ஆய்வொன்று காட்டிவிட்டது.

1999இல் பிரேமவர்தன, ஜனக டி சில்வா முதலியோர் 105 நோயாளரிடம் நடத்திய ஆய்வு வெளியானது. மருந்துக்கு முன் சிறிதளவு அட்ரினலினைத் தோலின் கீழ் ஏற்றியவர்களில் 11 வீதத்தினருக்கே ஒவ்வாமை ஏற்பட்டது. ஏற்றாதவர்களில் அது 43 வீதம். பின்னர் அசித்த டி சில்வா குழுவினர் 1,007 நோயாளரைக் கொண்டு நடத்திய பெரும் ஆய்வு 2011இல் வெளிவந்தது. அவர்களில் 75 வீதத்தினருக்கு மருந்தினால் ஒவ்வாமை உண்டாயிற்று. அட்ரினலின் மட்டுமே கடுமையான ஒவ்வாமையைக் கணிசமாகக் குறைத்தது. மருத்துவர்கள் வழமையாக நம்பியிருந்த ஹைட்ரோகோர்ட்டிசோனும் புரோமெதசினும் பயன்தரவில்லை. ஹைட்ரோகோர்ட்டிசோனைச் சேர்த்தபோது அட்ரினலினின் நன்மையும் அற்றுப்போனது என்பதே வியப்பு.

ஏன் இவ்வாறு நிகழ்கின்றது? 120 இலங்கை நோயாளரின் குருதியை மருந்துக்கு முன்னும் பின்னும் சோதித்து 2013இல் வெளியிடப்பட்ட ஆய்வு இதற்கு விடை தேடியது. மருந்தேற்றும் முன்னரே, விஷத்தினால் மட்டுமே, உடலில் அழற்சித் தீ மூண்டிருந்தது. மருந்தின் பின் அத்தீயைத் தூண்டும் சில பொருட்கள் மேலும் பெருகின. 48 வீதத்தினர் அனபிலாக்சிஸ் நிலையை எட்டினர். அவர்களது குருதியில், ‘மாஸ்ட்’ கலங்கள் வெடித்து வெளிவிடும் ஹிஸ்டமினும் டிரிப்டேசும் மிகுந்திருந்தன. பாம்பு மூட்டிய தீயில் குதிரையின் புரதம் நெய்யாக விழுகின்றது என்று சொல்லலாம்.

இடம்பெயர்ந்தோர் காலம்

போர்க்காலத்தில் வன்னியில் இத்தகைய ஆய்வுகளுக்குச் சூழல் இருக்கவில்லை. 2006 ஆகஸ்டில் ஏ-9 வீதி மூடப்பட்டது. மருந்துகள் கட்டுப்பாடுகளுக்கு உட்பட்டே உள்ளே சென்றன. 2008 நவம்பரில் நிஷா புயல் அடித்தபோது, ஏற்கெனவே இடம்பெயர்ந்து தறப்பாளின் கீழ் வெறுந்தரையில் கிடந்த மக்களைச் சூழ வெள்ளம் நின்றது. தரையில் உறங்குவோரையே கட்டுவிரியன் நாடுகிறது என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். 2009இல் போர் முடிந்தபின் இரண்டரை இலட்சத்துக்கும் மேற்பட்டோர் செட்டிகுளம் மெனிக் பாம் முதலான முகாம்களில், மீண்டும் தரப்பாளின் கீழேயே, அடைபட்டிருந்தனர்.

வடக்கையும் உள்ளடக்கிய நாடளாவிய பாம்புக்கடி மதிப்பீடு 2012-13இல் தான் சாத்தியமாயிற்று. 44,136 குடும்பங்களைச் சந்தித்த அந்த ஆய்வு, ஆண்டொன்றுக்கு 80,000க்கு மேற்பட்ட கடிகளும் 400க்கு மேற்பட்ட மரணங்களும் நிகழ்வதாகக் கணித்தது. உலக சுகாதார நிறுவனம் 2017இல் பாம்புக்கடியைப் புறக்கணிக்கப்பட்ட நோய்களின் பட்டியலில் சேர்த்தது. இலங்கைப் பாம்புகளின் விஷத்தைக் கொண்டே கொஸ்தாரிக்காவின் குளோடோமிரோ பிக்காடோ நிறுவனம் உருவாக்கிய புதிய மருந்தின் ஆய்வுகூட முடிவுகள் 2016இல் வெளியாகின. கூன்மூக்கு விரியனையும் அது கருத்திற் கொண்டது.

ஒவ்வாமைக்கு அஞ்சிச் சிற்றூர் வைத்தியசாலை கடிபட்டவனைப் பெரிய வைத்தியசாலைக்கு அனுப்பிவிடும்போது இழக்கப்படுவது நேரம். வன்னியில் ஊர்களுக்கிடையே தூரம் அதிகம், விஷமோ காத்திராது. அந்த அச்சத்தைத் தணிக்கும் அட்ரினலின் விலை மலிந்தது, எங்கும் கிடைப்பது. அதனைத் தக்க அளவில், தக்க வேளையில் ஏற்றத் தெரிந்த கைகளே வேண்டும். வன்னி வைத்தியசாலைகளுக்கு உதவ விரும்பும் புலம்பெயர்ந்த உறவுகள், புதிய கட்டடங்களுக்கும் பெயர்ப்பலகைகளுக்கும் முன்பாக, அத்தகைய கைகளைப் பயிற்றுவிப்பது பற்றிச் சிந்திப்பார்களாயின் நன்று.