கொலராடோ ஆற்றின் பாறைகளும் படகுகளும்

ஐக்கிய அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் பாயும் கொலராடோ ஆறும் அதன் துணையாறான கிரீன் ஆறும் நெடுந்தொலைவு ஆழ்ந்த பள்ளத்தாக்குகளின் வழியே ஓடுகின்றன. பக்க ஓடைகளில் வரும் வெள்ளம் பெரும் பாறைகளை உருட்டி வந்து ஆற்றில் குவிக்கிறது. அவ்விடங்களில் ஆறு குறுகி, பாறைகளுக்கிடையே நுரைத்து விரைந்தோடுகிறது. இத்தகைய விரைவோட்டங்களில் படகின் அடிப்புறத்தைக் காப்பது எப்படி என்பதற்குக் கடந்த நூற்றைம்பது ஆண்டுகளில் வெவ்வேறு விடைகள் கிடைத்துள்ளன.

பவலின் ஓக் மரப் படகுகள்

1869 மே 24 அன்று ஜான் வெஸ்லி பவல் என்ற நிலவியல் பேராசிரியர் ஒன்பது பேருடன் கிரீன் ஆற்றில் புறப்பட்டார். உள்நாட்டுப் போரில் வலக்கையை இழந்தவர் அவர். சிகாகோவில் கட்டப்பட்ட நான்கு படகுகளில் மூன்று ஓக் மரத்தாலானவை. ஒவ்வொன்றும் 21 அடி நீளம். அவற்றுக்கு இரட்டை விலாச்சட்டங்களும், இரு முனைகளிலும் நீர் புகாத அறைகளும் இருந்தன. பாறையில் மோதினாலும் தாங்க வேண்டும் என்பதே இந்தக் கட்டுமானத்தின் நோக்கம்.

ஆனால் வலிமையோடு எடையும் கூடியது. கனமான படகு விரைவோட்டத்தில் எளிதில் திரும்பவில்லை. துடுப்பு வலிப்பவர்கள் போகும் திசைக்கு முதுகைக் காட்டி அமர்ந்ததால் எதிரே வரும் பாறை அவர்கள் கண்ணுக்குத் தெரியவில்லை. ஜூன் மாதத்தில் லோடோர் பள்ளத்தாக்கில் 'நோ நேம்' என்ற படகு பாறைகளில் மோதி இரண்டாக உடைந்தது. அதிலிருந்த மூவரும் பிழைத்தனர். உணவுப் பொருள்களில் ஒரு பகுதி ஆற்றோடு போயிற்று.

அதன்பின் ஆபத்தான இடங்களில் படகுகளைக் கரையிலிருந்து கயிறு கட்டி இறக்கினர். அல்லது தோளில் சுமந்து கடந்தனர். மோதல்களால் பலகை இணைப்புகள் விட்டு நீர் கசிந்தபோது, மலைமேல் ஏறிப் பைன் மரப் பிசின் சேகரித்து வந்து அடைத்தனர். ஆகஸ்டு இறுதியில் பயணம் முடிந்தபோது இரண்டு படகுகளும் ஆறு பேருமே எஞ்சியிருந்தனர்.

மெல்லிய மரமும் தீர்வாகவில்லை

1889இல் இருப்புப்பாதைக்கான அளவீட்டுக்காக ஃபிராங்க் பிரவுன் தலைமையில் சென்ற குழு, சுமப்பதற்கு எளிதான மெல்லிய செடார் மரப் படகுகளைத் தேர்ந்தெடுத்தது. அவை இந்த ஆற்றுக்கு ஈடுகொடுக்கவில்லை. உயிர்காப்பு மேலாடைகளும் கொண்டுசெல்லப்படவில்லை. படகுகள் கவிழ்ந்ததில் பிரவுனும் வேறு இருவரும் மூழ்கி இறந்தனர். பொறியாளர் ராபர்ட் ஸ்டான்டன் அவ்வாண்டின் இறுதியில் ஓக் படகுகளுடனும் உயிர்காப்பு மேலாடைகளுடனும் திரும்பிவந்து பயணத்தைத் தொடர்ந்தார்.

கேலவேயின் மாற்றம்

யூட்டாவைச் சேர்ந்த விலங்கு வேட்டைக்காரர் நத்தானியேல் கேலவே 1890களில் சிக்கலை வேறு விதமாக அணுகினார். அவருடைய படகு தட்டையான அடிப்புறமும் மேல்நோக்கி வளைந்த முனைகளும் கொண்டது. எடை குறைவு, நீரில் அமிழும் ஆழமும் குறைவு. அவர் ஆறு ஓடும் திசையை நோக்கி அமர்ந்து, நீரோட்டத்துக்கு எதிராகத் துடுப்பு வலித்தார். இதனால் படகின் வேகம் ஆற்றின் வேகத்தைவிடக் குறைந்தது. பாறையைக் கண்டு விலகுவதற்கு நேரம் கிடைத்தது. அடிப்புறத்துக்கான பாதுகாப்பு பலகையின் தடிமனிலிருந்து படகோட்டியின் பார்வைக்கு மாறியது. இம்முறை பின்னர் அந்த ஆற்றின் படகோட்டிகளிடையே பரவலாயிற்று.

ஒட்டுப்பலகை, ரப்பர், நீர்த்தாரை

1938இல் நார்மன் நெவில்ஸ் ஒட்டுப்பலகையால் செய்த அகலமான படகுகளில் பயணிகளை அழைத்துச் சென்றார். தாவரவியலாளர்களான எல்சாடா குளோவர், லோயிஸ் ஜோட்டர் ஆகியோர் அப்பயணத்தில் கிராண்ட் கேன்யன் முழுவதையும் கடந்தனர். இரண்டாம் உலகப் போருக்குப் பின் இராணுவம் கழித்துவிட்ட ரப்பர் மிதவைகள் மலிவாகக் கிடைத்தன. பாறையில் மோதும்போது ரப்பர் உடையாமல் அமுங்கி மீளும். காற்றறைகள் பல இருப்பதால் ஒன்று கிழிந்தாலும் மற்றவை மிதவையைத் தாங்கும்.

விசைப்படகுகளுக்கு இன்னொரு சிக்கல் இருந்தது. அடிப்புறத்துக்குக் கீழே நீண்டிருக்கும் சுழல்விசிறியே முதலில் பாறையில் சிக்கும். நியூசிலாந்தின் ஆழமற்ற ஆறுகளுக்காக வில்லியம் ஹாமில்டன் 1950களில் உருவாக்கிய படகில் அந்த விசிறி வெளியே இல்லை. அடிப்புறத்துத் துளை வழியே நீரை உறிஞ்சிப் பின்புறமாகப் பீய்ச்சும் விசையில் அது ஓடியது. 1960இல் இவ்வகைப் படகுகள் கிராண்ட் கேன்யன் வழியே நீரோட்டத்தை எதிர்த்து மேலேறின.

இன்று கொலராடோவில் பெரும்பாலான பயணிகள் செல்வது ரப்பர் மிதவைகளில்தான். மரப் படகுகளும் ஓடுகின்றன; அவற்றின் படகோட்டிகள் பலகையையும் பசையையும் பழுதுபார்க்கும் கருவிகளையும் உடன் எடுத்துச் செல்கின்றனர்.